‘காத்திரு’ என்றொரு தண்டனை!

நேர்காணல் முடிந்துவிட்டது. வலது கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி கொடுத்தாகிவிட்டது. விரல் ரேகைகள் பதிவாகிவிட்டன. கண்ணாடிக்கு அப்பால் இருந்த தூதரக அதிகாரி ‘உண்டு’ என்றும் சொல்லவில்லை; ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினார். ‘உங்கள் மனு மேற்கொண்டு பரிசீலிக்கப்பட வேண்டியுள்ளது’ என்பது அதன் சாரம். எத்தனை நாள் பரிசீலனை? சீட்டில் இல்லை. என்ன காரணம்? அதுவும் இல்லை. யாரைப் போய்க் கேட்பது? அதற்கும் பதில் இல்லை.

அமெரிக்காவில் குடியேற விசா கேட்டுச் செல்பவர்களில் பலர் இந்தச் சீட்டோடுதான் தூதரகத்தை விட்டு வெளியே வருகிறார்கள். சிலருக்குச் சில வாரங்களில் பதில் வந்துவிடுகிறது. சிலருக்கு மாதங்கள் ஆகின்றன. சிலருக்கு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

‘இல்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால் இரண்டு நாள் அழுதுவிட்டு மனிதன் அடுத்த வேலையைப் பார்ப்பான். ‘காத்திரு’ என்று சொல்லிவிட்டால் அவன் என்ன செய்வான்? கடையை விரிவாக்கலாமா, விற்கலாமா? பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாமா, வேண்டாமா? மகளின் நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கலாமா, கூடாதா? எதற்கும் விடை தெரியாமல் ஒரு குடும்பமே வாசற்படியில் ஒரு காலும் வீட்டுக்குள் ஒரு காலுமாக நிற்கிறது. குற்றம் செய்தவனுக்குக்கூட ‘இத்தனை ஆண்டு’ என்று எண்ணிச் சொல்லித்தான் தண்டனை கொடுக்கிறார்கள். எந்தக் குற்றமும் செய்யாத இவர்களுக்குத்தான் கணக்கில்லாத தண்டனை!

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தச் சீட்டுக்குப் பின்னால் இருப்பது அமெரிக்காவின் 1952-ஆம் ஆண்டுக் குடியேற்ற, குடியுரிமைச் சட்டம். அதன் 221-ஆம் பிரிவின் (ஜி) உட்பிரிவுதான் விசா கேட்டு நிற்பவர்கள் அனைவரும் அஞ்சும் உட்பிரிவு. மனுதாரர் விசா பெறத் தகுதியுள்ளவர் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படாதவரை விசா கொடுக்கக் கூடாது என்கிறது அது.

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் வேறுபடுத்தி அறிவது அவசியம். ஏதோ ஒரு ஆவணம் குறைகிறது என்றால் இன்ன ஆவணம் என்று சீட்டில் எழுதித் தருவார்கள். ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் மீண்டும் மனு, மீண்டும் கட்டணம். இது நம் கையில் உள்ள காரியம். இரண்டாவது வகைக்கு ‘நிர்வாகப் பரிசீலனை’ என்று பெயர். கோப்பு வேறு துறைகளுக்குப் பாதுகாப்புச் சோதனைக்குப் போகிறது. பெயர் ஒற்றுமை, பயணம் செய்த நாடுகள், பார்த்த தொழில் என்று எது வேண்டுமானாலும் இதற்குக் காரணமாக இருக்கலாம். இதற்குக் காலவரையறை கிடையாது. ‘ஒவ்வொருவருக்கும் மாறுபடும்’ என்பதுதான் அவர்கள் தரும் ஒரே விளக்கம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. 2020-ஆம் ஆண்டிலிருந்து, இப்படிப் பரிசீலனையில் இருப்பவர் இணையத்தில் தன் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தால் ‘மறுக்கப்பட்டது’ என்றுதான் திரையில் வரும். விவரம் அறியாதவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மறுத்துவிட்டதாகத் திரை சொல்கிறது. இன்னும் பரிசீலிப்பதாகச் சீட்டு சொல்கிறது. எதை நம்புவது?

2017 மே மாதத்தில் இன்னொரு கேள்வித்தாளும் வந்து சேர்ந்தது. இது எல்லோருக்கும் கொடுக்கப்படுவதில்லை; அதிகாரி யாரைச் சந்தேகிக்கிறாரோ அவருக்கு மட்டும். கடந்த 15 ஆண்டுகளில் எங்கெல்லாம் வசித்தீர்கள், எங்கெல்லாம் பயணம் செய்தீர்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் வேலை பார்த்தீர்கள்? கடந்த 5 ஆண்டுகளில் என்னென்ன தொலைபேசி எண்கள், மின்னஞ்சல்கள், சமூக ஊடகக் கணக்குகள் வைத்திருந்தீர்கள்? சவூதியில் மூன்று கம்பெனி மாறி, துபாயில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் படுத்துக் கிடந்த நம் சகோதரனிடம், பத்து ஆண்டுக்கு முன்னால் எந்த மாதத்தில் எந்த முகவரியில் இருந்தாய் என்று கேட்டால் அவன் என்ன எழுதுவான்? தப்பாக எழுதினால் பொய் சொன்னதாக ஆகும். எழுதாமல் விட்டால் மறைத்ததாக ஆகும்.

காலம் சும்மா நிற்பதில்லை

நேர்காணலோடு விவகாரம் முடியவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் ஒரு விலை கேட்கிறது. நேர்காணலுக்கு முன் எடுத்த மருத்துவப் பரிசோதனை அதிகபட்சம் ஆறு மாதம்தான் செல்லும். கோப்பு ஏழாவது மாதம் நகர்ந்தால் மறுபடி பரிசோதனை, மறுபடி செலவு, மறுபடி பயணம்.

அது பணத்தோடு போகிற நஷ்டம். பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டங்களும் உண்டு. அண்ணனோ அக்காளோ அமெரிக்கக் குடிமக்களாகி, உடன்பிறந்தவர்களுக்காக மனுச் செய்யும் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டில் இந்தியர்களுக்காகப் போட்ட மனுக்களுக்குத்தான் 2025-ஆம் ஆண்டில் முறை வந்தது. பத்தொன்பது ஆண்டுகள்! இத்தனை காலம் நேர்காணலுக்காகக் காத்திருந்தவர்கள், நேர்காணல் முடிந்த பிறகும் காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் மனுச் செய்த அண்ணன் மவுத்தாகிவிட்டால் என்ன ஆகும்? மனு தானாகவே ரத்தாகிவிடும். மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கும்படி கெஞ்சிக் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். பெற்றோரோடு சேர்ந்து விசாவுக்குக் காத்திருக்கும் மகனோ மகளோ அதற்குள் திருமணம் செய்துகொண்டால்? சட்டத்தின் பார்வையில் அவர்கள் ‘பிள்ளை’ என்ற தகுதியை இழந்துவிடுவார்கள், விசாவும் போய்விடும். எத்தனை வீடுகளில் பேசி முடித்த சம்பந்தங்கள் இந்த ஒரு விதிக்காகத் தள்ளிப்போய், பின் முறிந்துபோகின்றன! அதிகாரியின் மேசையில் தூங்குவது வெறும் காகிதமல்ல. ஒரு பெண்ணின் வயது அங்கே கரைகிறது.

யேமன் மக்களைக் கேளுங்கள்

இந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடியதாக மாற முடியும் என்பதை யேமன் நாட்டு மக்களிடம் கேட்க வேண்டும்.

2015 பிப்ரவரியில் ஸன்ஆ நகரில் இருந்த அமெரிக்கத் தூதரகம் மூடப்பட்டது. அடுத்த மாதம் விமானக் குண்டுவீச்சு தொடங்கியது. அமெரிக்கக் குடிமக்களாகிவிட்ட யேமனியர்கள் தங்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள வேண்டுமானால், அந்தக் குடும்பங்கள் போருக்கு நடுவே ஊரைவிட்டு வெளியேறி, கடலுக்கு அப்பாலுள்ள ஜிபூட்டி போன்ற நாடுகளுக்குப் போய்த்தான் நேர்காணலில் நிற்க வேண்டும். போனார்கள். நின்றார்கள். அந்நிய ஊரில் வாடகைக்கு அறை பிடித்து, முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

2017 ஜனவரி 27 அன்று, பதவியேற்ற ஒரே வாரத்தில், டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். ஈராக், ஈரான், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, யேமன் என்று முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் மக்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. நீதிமன்றங்கள் தடுத்தன. ஆணை திருத்தி எழுதப்பட்டது. மீண்டும் தடுத்தன. மீண்டும் எழுதப்பட்டது. 2017 செப்டம்பரில் வந்த மூன்றாவது வடிவத்தை முழுமையாக நடைமுறைப்படுத்த அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ‘உங்கள் விசா ஏற்கப்பட்டது’ என்று நேர்காணலில் சீட்டு வாங்கி ஜிபூட்டியில் காத்திருந்த குடும்பங்களுக்கு, அதற்குப் பிறகு ‘மறுக்கப்பட்டது’ என்ற சீட்டு வந்தது. அமெரிக்காவின் அரசியலமைப்பு உரிமைகள் மையமும் யேல் சட்டக் கல்லூரியும் சேர்ந்து 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இந்தக் கொடுமையைப் பதிவு செய்துள்ளது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்டார்கள்!

‘தடை இருந்தாலும் விதிவிலக்கு உண்டு, கஷ்டத்தில் உள்ளவர்களுக்குத் தனியாகப் பரிசீலித்து அனுமதி தருவோம்’ என்றது அரசாங்கம். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? முதல் மாதத்தில் தகுதியுள்ள 6,555 பேரில் 2 பேருக்கு! இது நாம் இட்டுக்கட்டிய கணக்கல்ல. 2018 ஜூன் 26 அன்று தடை செல்லும் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரேயர் எடுத்துக்காட்டிய கணக்கு.

அந்த ஆண்டின் இறுதியில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. ஒரு யேமன் தாய் எகிப்தில் காத்திருந்தார். கணவர் அமெரிக்கக் குடிமகன். இரண்டு வயது மகனும் அமெரிக்கக் குடிமகன். பிறவியிலேயே மூளை நோயுள்ள அந்தப் பிள்ளையைச் சிகிச்சைக்காகத் தந்தை கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்ட் நகருக்குக் கொண்டு சென்றார். பிள்ளை செயற்கைச் சுவாசத்தில் கிடக்கிறது. தாய்க்கு விசா இல்லை. விதிவிலக்குக் கேட்ட மனு ஓராண்டுக்கு மேலாகக் கிடக்கிறது. தந்தை செய்தியாளர்கள் முன் அழுதார். உலகம் பார்த்தது. அதன் பிறகுதான் கோப்பு அசைந்தது. 2018 டிசம்பர் 19 அன்று தாய் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். டிசம்பர் 28 அன்று பிள்ளை இறந்துவிட்டது. பெற்ற தாய்க்குக் கிடைத்தது ஒன்பது நாள்!

ஒரு ஆண்டுக்கு மேல் முடியாத ‘பரிசீலனை’ தொலைக்காட்சியில் வந்ததும் சில நாட்களில் முடிந்தது எப்படி? பரிசீலிக்க முடியாததால் அல்ல, பரிசீலிக்க மனமில்லாததால்தான் தாமதம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

2021 ஜனவரி 20 அன்று பைடன் அந்தத் தடையை நீக்கினார். ஆனால் 2020 ஜனவரி 20-க்கு முன் மறுக்கப்பட்டவர்கள் புதிதாக மனுப் போட்டு, புதிதாகக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். அநீதி இழைத்தவனே அதைத் திருத்தவும் காசு கேட்டான்! 2025 ஜூன் 9 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஆணையில் 12 நாடுகளுக்கு முழுத் தடை. அதில் யேமன் மீண்டும் இடம்பெற்றது.

நீதிமன்றம் போனால்?

நீதிமன்றத்துக்குப் போகக் கூடாதா என்று நம் இளைஞர்கள் கேட்கலாம். போனவர்கள் உண்டு. ஆப்கானிஸ்தானிலிருந்து அகதியாகச் சென்று அமெரிக்கக் குடிமகளான ஒரு பெண், தன் கணவருக்காக மனுச் செய்தார். 2008 செப்டம்பரில் இஸ்லாமாபாத்தில் நேர்காணல். ஒன்பது மாதக் காத்திருப்புக்குப் பின் மறுப்பு. தாலிபான் ஆட்சியில் அந்தக் கணவர் ஓர் அலுவலகக் குமாஸ்தா. அவர் செய்த குற்றம் என்னவென்று விளக்கமாகச் சொல்ல மறுத்துவிட்டார்கள். ‘கெர்ரி எதிர் தின்’ என்ற அந்த வழக்கில் 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. முஸ்லிம் என்பதால் மட்டும் இப்படி நடக்கிறது என்றும் எண்ணிவிடாதீர்கள். எல் சால்வடார் நாட்டுக்காரரான தன் கணவருக்காகப் போராடிய அமெரிக்க வழக்கறிஞர் பெண்மணிக்கும் இதே கதிதான். அவர் கணவருக்கு 2015 டிசம்பரில் விசா மறுக்கப்பட்டது. கொலைக் கும்பலைச் சேர்ந்தவர் என்ற சந்தேகமே காரணம் என்று 2018-இல், அதுவும் வழக்குப் போட்ட பிறகுதான், வாயைத் திறந்தார்கள். 2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது குடிமக்களின் அடிப்படை உரிமை அல்ல என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பெழுதியது.

ஆனால் ஒரு சிறு ஜன்னல் திறந்திருக்கிறது. மறுப்பை எதிர்த்து வழக்காடுவது மிகக் கடினம். முடிவெடுக்காமல் இழுத்தடிப்பதை எதிர்த்து வழக்காடலாம். நம் நாட்டு உயர் நீதிமன்றங்களில் நாம் அறிந்த மாண்டமஸ் மனு அங்கும் உண்டு. ‘உன் கடமையைச் செய், ஏதோ ஒரு முடிவைச் சொல்’ என்று நீதிபதி ஆணையிடலாம். ‘விசா கொடு’ என்று ஆணையிட முடியாது. இதிலும் நீதிபதிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. இரண்டாண்டுத் தாமதத்தைக்கூடப் பெரிதாக எண்ணாதவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் வழி இருக்கிறது என்பதை அமெரிக்காவில் உள்ள நம் உறவினர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நியாயத்தை நியாயமாகப் பேசுவோம்

‘எந்த நாட்டுக்கும் தன் வீட்டுக்குள் யார் வருகிறார்கள் என்று பார்க்க உரிமை இல்லையா?’ என்று ஒருவர் கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். நம் வீட்டு வாசலில் நிற்பவரை யார் என்று கேட்டுத்தான் நாமும் கதவைத் திறக்கிறோம். விசாரிக்கட்டும், ரேகை எடுக்கட்டும், ஆவணம் கேட்கட்டும். தகுதியில்லை என்றால் மறுக்கட்டும். அதை நாம் குறை சொல்லவில்லை.

விசாரிக்க உரிமை உண்டு. பதில் சொல்லாமல் இருக்க உரிமை இல்லை என்பதே நம் வாதம். கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு, உறுதிமொழி வாங்கிக்கொண்டு, ஒரு மனிதனின் பதினைந்து ஆண்டு வாழ்க்கையையும் எழுதி வாங்கிக்கொண்டு, அவனுக்கு ஒரு தேதியும் ஒரு காரணமும் சொல்ல மாட்டேன் என்பது பாதுகாப்பு அல்ல; ஆணவம். பதில் சொல்லாமல் வைத்திருப்பதும் ஒரு தீர்ப்புதான். கையெழுத்துப் போடாத தீர்ப்பு. கையெழுத்து இல்லாததால் மேல்முறையீடும் இல்லை!

கடையை அடைத்தவர்கள்

அந்த யேமனியர்கள் அழுதுகொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. நம் வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

நியூயார்க் நகரின் தெருமுனைகளில் இரவு பகலாகத் திறந்திருக்கும் சிறு மளிகைக் கடைகளில் ஏராளமானவை யேமனியர்களுடையவை. நம் அண்ணாச்சி கடை மாதிரிதான். காலையில் தேநீர், இரவில் பால், கையில் காசில்லாதவருக்குக் கடன். 2017 பிப்ரவரி 2 அன்று நண்பகல் 12 மணிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் அடைக்கப்பட்டன; இரவு 8 மணி வரை திறக்கப்படவில்லை. கடை ஏன் மூடியிருக்கிறது என்று அண்டை வீட்டாருக்குக் கதவில் எழுதி ஒட்டினார்கள். ப்ரூக்ளின் நகர மன்றத்தின் முன் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அங்கேயே பாங்கு சொல்லித் தொழுதார்கள். கல் வீசவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. அவர்களிடம் தினமும் ரொட்டி வாங்கும் பிற மதத்து வாடிக்கையாளர்கள் வந்து பக்கத்தில் நின்றார்கள்.

அந்த ஒரு நாளால் தடை நீங்கிவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் தங்களுக்கென ஒரு வணிகர் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். தூதரகத்தின் வாசலில் ஒவ்வொருவராகத் தனித்து நின்றவர்களுக்கு ஊருக்குள் ஒரு குரல் கிடைத்தது. தனியாகக் காத்திருப்பவன் மனுதாரன். சேர்ந்து காத்திருப்பவர்கள் சமுதாயம்!

நம் வீட்டை நாம் ஒழுங்கு செய்வோம்

2017, 2020, 2025 ஜூன் ஆகிய தடைப் பட்டியல்களில் இந்தியா இல்லை. ஆனாலும் மும்பைத் துணைத் தூதரகத்தில் குடியேற்ற விசா நேர்காணல் முடித்துவிட்டுச் சீட்டோடு ஊர் திரும்பும் தமிழக முஸ்லிம்கள் இருக்கவே செய்கிறார்கள். அவர்களுக்கும், நாளை போகப்போகிறவர்களுக்கும் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். எல்லாத் தாமதமும் அவர்கள் செய்வதல்ல. சில தாமதங்களை நாமே வாங்கிக்கொள்கிறோம்.

முதலாவது, பெயர். பள்ளிச் சான்றிதழில் ‘முகமது’, பாஸ்போர்ட்டில் ‘முஹம்மத்’, ரேஷன் கார்டில் ‘மைதீன்’, ஆதாரில் ‘முகைதீன்’ என்று ஒரே மனிதன் நான்கு பெயரில் வாழ்கிறான். தந்தை பெயரை முன்னெழுத்தாகப் போடுவது நம் பழக்கம். குடும்பப் பெயர் கேட்பது அவர்கள் பழக்கம். நம் பெயர்கள் உலகெங்கும் லட்சக்கணக்கானோருக்கு இருப்பவை. எழுத்தும் மாறினால் சோதனைக்குக் கேட்கவா வேண்டும்? பிள்ளை பிறந்ததும் ஒரே எழுத்தில் ஒரே பெயரைப் பதிவு செய்து, எல்லா ஆவணத்திலும் அதையே கொண்டு செல்லுங்கள்.

இரண்டாவது, நிக்காஹ். பள்ளிவாசல் தஃப்தரில் பதிந்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். 2009 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிவு செய்வது கட்டாயம். 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். கணவன் அமெரிக்காவில் இருக்க, மனைவி நேர்காணலில் நிற்கும்போது தஃப்தர் நகலை மட்டும் நீட்டினால் சீட்டுதான் கிடைக்கும். இங்கே ஜமாஅத் நிர்வாகிகளையும் ஒன்று கேட்கத்தான் வேண்டும். ஒரு நிக்காஹ் சான்றுக்கு, ஒரு தடையில்லாக் கடிதத்துக்கு எத்தனை ஏழைகளை எத்தனை முறை ‘தலைவர் இல்லை, நாளை வா’ என்று திருப்பி அனுப்புகிறோம்! தூதரகம் செய்தால் அநீதி, நாம் செய்தால் நிர்வாகமா?

மூன்றாவது, வளைகுடாவில் இருந்தவர்கள். பதினாறு வயதுக்குப் பின் ஓராண்டுக்கு மேல் வசித்த ஒவ்வொரு நாட்டின் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். ஊர் திரும்பிய பிறகு அதைப் பெறுவது பெரும்பாடு. அங்கிருந்து கிளம்பும்போதே வாங்கி வையுங்கள். எங்கே வசித்தீர்கள், எந்தக் கம்பெனியில் எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

நான்காவது, கடை. நேர்காணல் தேதி வந்ததும் கடையைக் கைமாற்றி, வீட்டை விற்று, விருந்தும் வைத்து முடித்துவிடுகிறார்கள். விசா கைக்கு வரும்வரை சொத்தை விற்காதீர்கள், வேலையை விடாதீர்கள், பயணச்சீட்டு எடுக்காதீர்கள் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்கிறது. அவர்கள் சொல்வதில் இதையாவது கேளுங்கள். சரக்கு போட வேண்டிய நேரத்தில் சரக்கு போடுங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேருங்கள். காத்திருப்பு உங்கள் கல்லாப்பெட்டியில் உட்கார இடம் கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது, தரகர்கள். ‘உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது, கோப்பை நகர்த்தித் தருகிறேன்’ என்று ஒருவன் வருவான். காத்திருப்பவனின் பதற்றம்தான் அவன் முதலீடு. பணம் போவது பெரிதல்ல. அவன் செருகும் ஒரு போலிச் சான்றிதழ் கண்டுபிடிக்கப்பட்டால், பொய்த் தகவல் தந்தவர் என்று வாழ்நாள் தடை விழும். ஏறக்குறைய எல்லா அமெரிக்க விசா மனுக்களிலும் சமூக ஊடகக் கணக்குகளை 2019 முதல் கேட்கிறார்கள். அதை மறைப்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

ஸப்ர் என்பது சும்மா இருப்பதல்ல

‘பொறுமையாக இருங்கள்’ என்று காத்திருப்பவரிடம் எல்லோரும் சொல்கிறோம். சொல்வது எளிது. ஆனால் ஸப்ர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு முடங்கிக் கிடப்பது என்று எந்த மதரஸாவிலும் யாருக்கும் கற்றுத் தரவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, தன் கையில் இல்லாததற்காக உடைந்துபோகாமல் நிற்பதுதான் ஸப்ர். கேட்ட ஆவணத்தைக் கேட்ட மாதத்திலேயே கொடு. வழக்கு எண்ணோடு முறையாக எழுதிக் கேள். அங்குள்ள உறவினர் மூலம் அவர்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்தில் மனுக் கொடு. அமெரிக்காவில் அது வழக்கமாக நடக்கும் காரியம். எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் தேதியோடு பத்திரப்படுத்து. பிறகு உன் தொழிலைப் பார்.

மஹல்லாக்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விசாவுக்காகக் கணவனைப் பிரிந்து காத்திருக்கும் பெண்ணிடம் ‘இன்னும் கிளம்பவில்லையா?’ என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அவள் வீட்டு வாடகை கட்டப்பட்டதா, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கிறதா என்று கேளுங்கள். படித்த இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்து, வாரத்தில் ஒரு மாலை பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து, விண்ணப்பம் நிரப்பவும் ஆவணம் சரிபார்க்கவும் உதவினால் தரகனுக்கு அந்த ஊரில் என்ன வேலை?

அரசுகளிடம் நாம் கேட்பது சலுகை அல்ல. நேர்காணலுக்குப் பின் இத்தனை நாளுக்குள் முடிவு என்று ஒரு காலக்கெடு. தாமதமானால் எழுத்தில் ஒரு காரணம். மறுத்தால் கேள்வி கேட்க ஒரு வாசல். இந்த மூன்றையும் இந்திய அரசு தன் குடிமக்களுக்காக அமெரிக்காவிடம் கேட்க வேண்டும். நம் நாட்டு விசாவுக்காக நம் தூதரகங்களின் வாசலில் நிற்கும் அந்நியருக்கும் இதே மூன்றையும் கொடுக்க வேண்டும். நமக்கு வேண்டும் என்று கேட்கும் நீதியைப் பிறருக்கும் கொடுக்கத் தயாராக இருப்பவன்தான் நீதியைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவன்.

இளைஞர்களே! வணிகப் பெருமக்களே! உங்கள் ஊரிலும் ஒருவர் அந்தச் சீட்டோடு இருப்பார். வெட்கத்தால் வெளியே சொல்லாமல் இருப்பார். இன்றே விசாரியுங்கள். அவர் தனியாகக் காத்திருக்க வேண்டாம்.